தரவுத்தள லைப்ரரியைப் பேக்கேஜ் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் நாங்கள் சில தமிழ் நண்பர்கள் சனிக்கிழமை மாலைகளில் தேக்கா பக்கம் கூடி, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பேக்கேஜ் செய்து, அதாவது நிரல்களை நிறுவத் தயாரான பொதிகளாக்கிப் பழகுகிறோம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் எஸ்க்யூலைட் போன்ற ஒரு தரவுத்தள லைப்ரரியைத்தான் கையில் எடுப்பார்கள். சிறியது, சீக்கிரம் கம்பைல் ஆகிவிடும். ஆனால் எடிட்டர் கெட்டுப்போனால் திரும்ப நிறுவிக்கொள்ளலாம். தரவுத்தள லைப்ரரி தவறிப்போனால் போவது யாரோ ஒருவர் சேர்த்துவைத்த தரவு.

நான் செய்த தவறையே முதலில் சொல்கிறேன். எஸ்க்யூலைட்டின் கம்பைல் தேர்வுகளில், தேடி வந்த நெடுவரிசை (column) எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்ற விவரத்தைத் தரும் தேர்வு தேவையில்லை என்று நினைத்து எடுத்துவிட்டேன். அதோடு சில ஃபங்ஷன்களும் லைப்ரரியிலிருந்து காணாமல் போயின. டெபியனின் பேக்கேஜ் கருவியான டிபிகேஜி பில்டை நிறுத்தி, எந்த சிம்பல்கள் (லைப்ரரி வெளியே தரும் ஃபங்ஷன் பெயர்கள்) இல்லை என்று வரிசையாகக் காட்டியது. நானோ அந்தப் பெயர்களைப் பட்டியலிடும் சிம்பல்ஸ் கோப்பிலிருந்து அந்த வரிகளை அழித்துவிட்டு மேலே போனேன். அன்றிரவு என் கணினியிலேயே ஒரு நிரல் திறக்க மறுத்தது. அந்த எச்சரிக்கை வந்தால் கோப்பைத் திருத்தாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். ஃபங்ஷன்களை உண்மையிலேயே நீக்கியாக வேண்டும் என்றால் லைப்ரரியின் இடைமுகப் பதிப்பு எண்ணும் (சோநேம்), அதோடு பேக்கேஜின் பெயரும் மாற வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் லைப்ரரிக்கு வைத்த லிப்பிக்யூ5 என்ற பேக்கேஜ் பெயரில் அந்த 5 இருப்பது அதற்காகத்தான்.

அடுத்தது நம் மொழியோடு ஒட்டியது. எஸ்க்யூலைட்டில் உரைக்குள் சொல் தேடும் எஃப்டிஎஸ்5 வசதி, வழக்கமான அமைப்பில் எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். யூனிகோடில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் வேறு வகை. அதனால் அவை வரும் இடத்தில் சொல் வெட்டுப்படும். ‘பல்’ என்று தேடினால் ‘பலா’வும் சேர்ந்து வரும். இதைப் பார்த்ததும் பேக்கேஜிலேயே ஒரு பேட்ச் (மூலநிரலில் சிறு திருத்தம்) போட்டுச் சரிசெய்துவிடலாம் என்று எனக்கும் கை துறுதுறுத்தது. செய்யாதீர்கள். வேறு கணினியில் உருவான கோப்பின் தேடல் அட்டவணை பழைய முறையில் வெட்டப்பட்டிருக்கும், இங்கே தேடும் சொல் புதிய முறையில் வெட்டப்படும். இரண்டும் பொருந்தாது, பிழைச்செய்தியும் வராது. தேடல் அட்டவணையை உருவாக்கும்போதே குறிகளையும் சேர்க்கச் சொல்லும் வசதி இருக்கிறது. அதைச் செயலி எழுதுபவர் பயன்படுத்தட்டும்.

சோதனைகளை அணைத்துவிட்டு பில்டை முடிப்பதும் கூடாது. டெபியன், ஐபிஎம் பெருங்கணினி வகையான எஸ்390எக்ஸ் போல, எண்ணின் பைட்டுகளை எதிர்வரிசையில் வைக்கும் கணினிகளிலும் ஓடுகிறது. உங்கள் மடிக்கணினியில் தெரியாத பிழை அங்கேதான் தெரியும்.

உரிமத்தை ஒவ்வொரு பதிப்பிலும் திரும்பப் படியுங்கள். 2013இல் பெர்க்லி டிபி என்ற தரவுத்தள லைப்ரரி 6.0 பதிப்பில் ஏஜிபிஎல் என்ற கண்டிப்பான திறமூல உரிமத்துக்கு மாறியது, டெபியன் அதன் 5.3 பதிப்போடேயே நின்றுகொண்டது.

சரி, எல்லாம் முடிந்ததா? பதிவேற்றும் முன் பழைய பதிப்பில் ஒரு கோப்பை உருவாக்கி, புதியதில் திறந்து, நாலு வரி எழுதி, மறுபடி பழையதில் திறந்து பாருங்கள். அதில் தமிழ் வரிகளும் இருக்கட்டும்.