எக்ஸ்போர்ட் செய்த வீடியோவில் நிறம் வெளிறினால், ஒலி பிசகினால்: ஓர் அரங்கேற்றப் பதிவைச் சரிசெய்த முறை

என் அக்கா மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தை ஒரு கேமராவிலும் ஒரு கைப்பேசியிலும் பதிவுசெய்து, டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் தொகுத்து, இரண்டு மணி நேர வீடியோவாக எக்ஸ்போர்ட் செய்து குடும்பத்தினருக்கு அனுப்பினேன். தொகுக்கும்போது திரையில் கண்ட ஆடையின் அரக்குச் சிவப்பு, எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் பலமுறை துவைத்த துணியைப் போல வெளிறியிருந்தது. வர்ணம் என்ற நீண்ட நடன உருப்படியின் பாதியில் காலடியும் சலங்கை ஒலியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. போதாக்குறைக்கு, அக்கா தொலைபேசியில் அழைத்து, “பாட்டு கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு தம்பி, சலங்கை மட்டும்தான் கிட்ட கேக்குது” என்றார். மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. அவற்றைக் கண்டுபிடித்த வரிசையிலேயே கீழே எழுதுகிறேன். கோப்புகளை உள்ளே கொண்டுவருவதும் வெட்டுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: முப்பது நொடி மாதிரியை எடுங்கள்

முழு வீடியோவையும் மறுபடி மறுபடி எக்ஸ்போர்ட் செய்து பார்ப்பது வீண் வேலை. டைம்லைனில் தொடக்கத்தையும் முடிவையும் குறித்து, முப்பது நொடிப் பகுதிகள் இரண்டை மட்டும் எடுங்கள். ஒன்று நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் மற்றொன்று கடைசியிலும் இருக்க வேண்டும், ஏனெனில் ஒலி படிப்படியாக விலகுகிறதா என்பது கடைசிப் பகுதியில்தான் தெரியும். மாதிரியில் ஒரு முகமும், அடர்ந்த சிவப்பும், கருந்திரை போன்ற இருண்ட பகுதியும், ஓங்கி அடிக்கும் ஓர் ஓசையும் இருக்கட்டும். நான் தில்லானாவின் இறுதித் தீர்மானத்தை (முடிவாக வரும் தாளக் கோவையை) எடுத்துக்கொண்டேன். “ததிங்கிணதொம்” என்று சொற்கட்டு முடியும் இடத்தில் பாதம் தரையில் படும் ஃபிரேமும் மிருதங்க அடியும் ஒன்றாக விழ வேண்டும் என்பதால், ஒரு ஃபிரேம் பிசகினாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சோதிப்பதானால், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கப்படும். நீங்கள் எக்ஸ்போர்ட் செய்த கோப்பு அப்படியே போய்ச் சேராது.

படி 2: பிழை கோப்பில் உள்ளதா, பார்க்கும் இடத்தில் உள்ளதா?

மற்றெல்லாவற்றையும்விட இந்தப் படிதான் என் நேரத்தை மிச்சப்படுத்தியது. எக்ஸ்போர்ட் செய்த மாதிரியை ரிசால்வுக்குள் திரும்பக் கொண்டுவந்து, அதே டைம்லைனில் மூலக் காட்சிக்கு மேலே, ஃபிரேம் மாறாமல் பொருத்தி வையுங்கள். மேலுள்ள கிளிப்பைத் தேர்ந்தெடுத்து, இன்ஸ்பெக்டரில் காம்போசிட் மோட் என்பதை “டிஃபரன்ஸ்” என மாற்றுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் திரை முழுவதும் கறுப்பாகிவிடும். சுருக்கத்தால் வரும் மங்கலான புள்ளிகள் மட்டும் ஆங்காங்கே தெரியும். உருவங்கள் தெளிவாகத் தெரிந்தால் கோப்பிலேயே நிறம் மாறியிருக்கிறது என்று பொருள்.

திரை கறுப்பானால் கோப்பு சரியாக இருக்கிறது. அதைக் காட்டும் மென்பொருளோ திரையோதான் வேறுவிதமாகப் பொருள்கொள்கிறது. அந்த நிலையில் தொகுப்பின் நிறங்களைத் தொடவே கூடாது. வெளிறியதை ஈடுகட்டக் கான்ட்ராஸ்ட்டை ஏற்றியவர்களின் வீடியோ, வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது கூந்தலும் கண்மையும் ஒரே கறுப்புத் திட்டாக மாறியிருக்கும்.

படி 3: டேட்டா லெவல்ஸ்

வீடியோவில் ஒளியின் அளவு இரண்டு விதமாக எழுதப்படுகிறது. 8 பிட் கோப்பில் முழு வரம்பு என்பது 0 முதல் 255 வரை. வழக்கமான வீடியோ வரம்பில் கறுப்பு 16இலும் வெள்ளை 235இலும் நிற்கும். வீடியோ வரம்பில் எழுதியதை முழு வரம்பாகப் படித்தால் கறுப்பு சாம்பல் நிறமாகும். முழு வரம்பில் எழுதியதை வீடியோ வரம்பாகப் படித்தால் இருண்ட பகுதிகளும் வெளிச்சப் பகுதிகளும் விவரம் இழந்துவிடும்.

எக்ஸ்போர்ட் செய்யும் டெலிவர் பக்கத்தில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பகுதியில் டேட்டா லெவல்ஸ் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை “ஆட்டோ”விலேயே விட்டுவிடுங்கள். “ஃபுல்” என்ற சொல் கூடுதல் தரம் என்று தோன்றச் செய்யும், ஆனால் எச்.264 என்ற வழக்கமான சுருக்க வடிவில் உள்ள கோப்புகளைப் பெரும்பாலான பிளேயர்கள் வீடியோ வரம்பாகவே எதிர்பார்க்கின்றன. நான் ஃபுல் வைத்து எடுத்த முதல் மாதிரியில் மேடையின் கருந்திரை மடிப்புகள் எல்லாம் மறைந்துபோயின.

படி 4: மேக் கணினியில் மட்டும் வெளிறுவது

என்னை நான்கு நாட்கள் அலைக்கழித்தது இதுதான். டிஃபரன்ஸ் சோதனையில் திரை கறுப்பாக இருந்தது. ஆனாலும் மேக் கணினியில் குவிக்டைம் பிளேயரில் திறந்தால் அரக்கு, செங்கல் நிறத்துக்கு அருகில் போனது. அதே கணினியில் விஎல்சி என்ற வேறொரு பிளேயரில் திறந்தால் அடர்த்தி கூடியது.

காரணம் இதுதான். வீடியோ கோப்புகளில் வழக்கமாக நிறத்தைப் பற்றிய மூன்று குறியெண்கள் எழுதப்பட்டிருக்கும்: அடிப்படை நிறங்கள் எவை, ஒளி அளவு எந்த வளைகோட்டில் எழுதப்பட்டது, நிறங்களைப் பிரித்த கணக்கு எது. உயர்தெளிவு வீடியோவுக்கான ரெக்.709 தரத்தில் இவை 1-1-1 என இருக்கும். ரிசால்வின் திரை வழக்கமாக 2.4 காமா (இடைப்பட்ட ஒளியின் அடர்த்தியைத் தீர்மானிக்கும் வளைகோட்டின் எண்) கொண்ட காட்சித்திரையை மனத்தில் வைத்துப் படத்தைக் காட்டுகிறது. மேக்கின் நிற மேலாண்மையோ, 1-1-1 எனக் குறித்த கோப்பை ஏறத்தாழ 1.96 காமாவாக எடுத்துக்கொள்கிறது. இதனால் கறுப்பும் வெள்ளையும் இருந்த இடத்திலேயே இருக்க, இடைப்பட்ட நிறங்கள் மட்டும் வெளுக்கின்றன. தோலும் பட்டும் இந்த இடைப்பட்ட பகுதியில்தான் இருப்பதால் மாற்றம் உடனே கண்ணில் படுகிறது.

மேக் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியவை மூன்று. முதலில், பிரிஃபரன்சஸில் ஜெனரல் பகுதியில், வியூவர்களுக்கு மேக்கின் டிஸ்பிளே கலர் புரொஃபைலைப் பயன்படுத்தும் தேர்வை இயக்குங்கள். அடுத்து, புராஜெக்ட் செட்டிங்ஸில் கலர் மேனேஜ்மென்ட் பகுதியில் டைம்லைன், அவுட்புட் ஆகிய இரண்டின் நிறவெளியையும் “ரெக்.709-ஏ” (மேக்கின் முறைக்கு ஏற்ற ரெக்.709) என வையுங்கள். கடைசியாக, டெலிவர் பக்கத்தில் கலர் ஸ்பேஸ் டேக் ரெக்.709 ஆகவும், காமா டேக் ரெக்.709-ஏ ஆகவும் இருக்கட்டும். இதன்பின் தொகுக்கும்போது காண்பதும் குவிக்டைமில் காண்பதும் ஒத்துப்போகும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது: இந்த அமைப்பு உங்கள் திரையைத்தான் திருத்துகிறது, உலகத்தில் உள்ள எல்லாத் திரைகளையும் திருத்துவதில்லை. இப்படித் தொகுத்த வீடியோ தொலைக்காட்சியில் சற்று அடர்த்தியாகவே தெரியும். ஆகவே, யார் எதில் பார்க்கப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். எங்கள் குடும்பத்தில் பெரும்பாலோர் கைப்பேசியில் பார்ப்பவர்கள் என்பதால், நான் இரண்டு கைப்பேசிகளில் ஒப்பிட்டுப் பார்த்து நிறத்தை முடிவுசெய்தேன். குறியெண்களைச் சரிபார்க்க மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவி போதும். கோப்பை அதில் இழுத்துப் போட்டால் எல்லாம் தெரியும். இணையத்தில் விற்கும் நிறத் தொகுப்புகளை வாங்கி இதன்மேல் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அவை நோயைக் குணப்படுத்தாமல் மறைக்கவே செய்யும்.

எல்லாம் சரியாக இருந்தும் சிவப்பு ஆடையில் சரிகை ஓரம் மட்டும் கரைந்தாற்போல் இருந்தால் அது வேறு விஷயம். எச்.264இல் பொதுவாக நான்கு பிக்சல்களுக்கு ஒருமுறைதான் நிறத் தகவல் எழுதப்படுகிறது. அடர்ந்த சிவப்பில் இந்தக் குறை அதிகமாகத் தெரியும். யூடியூபுக்கு என்றால், 1080 தெளிவில் எடுத்ததையும் 4கே அளவில் எக்ஸ்போர்ட் செய்து ஏற்றுகிறேன். ஓரங்கள் ஓரளவு தெளிவடைகின்றன.

படி 5: காலடியும் சலங்கையும் விலகினால்

விலகல் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே அளவாக இருக்கிறதா, நேரம் போகப் போகக் கூடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே அளவாக இருந்தால், புளூடூத் இயர்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கம்பி உள்ள ஹெட்ஃபோனில் கேளுங்கள். பாதிப் பேருக்குச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

கூடிக்கொண்டே போனால் கைப்பேசிப் பதிவைச் சந்தேகியுங்கள். கைப்பேசிகள் நொடிக்கு 30 ஃபிரேம் என்று சொன்னாலும், வெளிச்சம் குறைந்தால் அந்த எண்ணிக்கையைத் தாமாகவே மாற்றிக்கொள்கின்றன. மீடியாஇன்ஃபோவில் ஃபிரேம் ரேட் மோட் என்ற இடத்தில் “வேரியபிள்” என்று இருந்தால் இதுதான் காரணம். தொகுக்கத் தொடங்கும் முன்பே ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்து, வீடியோ பகுதியில் “கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்” என்பதைத் தேர்ந்து, தர எண்ணை 16 முதல் 18க்குள் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். இணையதளத்தில் ஏற்றி மாற்றித் தரும் சேவைகளை நாடாதீர்கள். அவை எந்த அமைப்பில் மாற்றுகின்றன என்பதை அறிய வழியில்லை.

இதற்குப் பிறகும் சிறு விலகல் மிஞ்சும். ஒவ்வொரு கருவியின் உள்கடிகாரமும் மற்றொன்றிலிருந்து சற்றே வேறுபடும். பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டாலே இரண்டு மணி நேரத்தில் 0.36 நொடி, அதாவது நொடிக்கு 25 ஃபிரேம் கொண்ட வீடியோவில் 9 ஃபிரேம்கள் விலகிவிடும். அரங்கேற்றத்தில் இதற்கு எளிய தீர்வு உண்டு. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம் என ஒவ்வொரு உருப்படிக்கும் இடையே கைதட்டல் வரும். அங்கே வெட்டி, ஒவ்வோர் உருப்படியையும் தனித்தனியே பொருத்துங்கள். நீண்ட வர்ணத்தை மட்டும், ஜதி முடிந்து அபிநயம் தொடங்கும் இடங்களில் மேலும் இரண்டு மூன்றாக வெட்டினேன்.

படி 6: கைப்பேசியில் பாட்டு மறைந்த மர்மம்

அக்கா சொன்ன குறை எனக்கு முதலில் விளங்கவேயில்லை. என் ஹெட்ஃபோனில் பாட்டு நன்றாகக் கேட்டது. சற்று அகலமாக, தலையைச் சுற்றி ஒலிப்பது போல இருந்தது, அவ்வளவுதான். ஒரே ஸ்பீக்கர் கொண்ட பழைய கைப்பேசியில் போட்டுப் பார்த்தபோதுதான், பாடகியின் குரலும் நட்டுவாங்கமும் ஏறக்குறைய காணாமற்போய், மேடையோரம் வைத்திருந்த கைப்பேசியின் சத்தம் மட்டும் மிஞ்சுவது தெரிந்தது.

சபாவின் ஒலிக் கலவைப் பெட்டியிலிருந்து எடுத்த மூன்று முனை கேபிள் ஒரே ஒலியை இரண்டு கம்பிகளில் அனுப்புகிறது. ஒன்றில் நேராகவும் மற்றொன்றில் தலைகீழாகவும் அது செல்லும். நான் பயன்படுத்திய மாற்றுக் கேபிள், நேரானதைக் கேமராவின் இடது சேனலிலும் தலைகீழானதை வலது சேனலிலும் சேர்த்துவிட்டது. இரண்டு காதுகளில் தனித்தனியே கேட்கும்வரை குறை தெரியாது. ஒரே ஸ்பீக்கரில் இரண்டும் கூட்டப்படும்போது, ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

தீர்வு ஒரு நிமிட வேலை. கிளிப்பின் மீது வலது கிளிக் செய்து, கிளிப் ஆட்ரிபியூட்ஸில் ஆடியோ பகுதிக்குச் சென்று, வடிவத்தை “மோனோ” ஆக்கி, முதல் சேனலை மட்டும் மூலமாகத் தேர்ந்தெடுங்கள். இதை டைம்லைனில் இடும் முன்பே செய்வது நல்லது. ஒரு காதில் மட்டும் குரல் கேட்கும் சட்டை மைக் பதிவுகளுக்கும் இதே வழிதான். எந்த வீடியோவானாலும் எக்ஸ்போர்ட் செய்த மாதிரியை ஒருமுறை ஒற்றை ஸ்பீக்கரில் கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுகள் உழைத்துப் பாடாந்தரம் செய்த ஒரு குழந்தையின் நிகழ்ச்சியில் பாட்டே கேட்காமற்போவது மிகப் பெரிய இழப்பு.

படி 7: ஒலியளவு

ரிசால்வில் ஒலிக்கான ஃபேர்லைட் பக்கத்தின் லவுட்னஸ் மீட்டரில், முழு நிகழ்ச்சியின் சராசரி −14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் ஒலியளவின் அலகு) அருகில் வந்தால் யூடியூபுக்குப் போதும். அதைவிட உரத்திருந்தால் யூடியூப் குறைத்துவிடும். மெதுவாக இருந்தால் ஏற்றித் தராது. உச்ச அளவை −1 டெசிபலுக்கு மேல் விடாதீர்கள், ஏனெனில் ஒலியை ஏஏசி என்ற வடிவில் சுருக்கும்போது உச்சங்கள் சற்று உயர்ந்து மிருதங்க அடிகள் கரகரக்கும். 48 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 320 கிலோபிட் என்பது என் வழக்கமான அமைப்பு.

பின்சேர்க்கை 1: ஐபோனில் எடுத்த பகுதிகள் மட்டும் கண்கூசும் அளவுக்கு வெளுக்கின்றன என்று இதைப் படித்த இருவர் எழுதியிருந்தனர். ஐபோன் 12 முதல் வந்த மாடல்கள் எச்டிஆர் (வழக்கத்தைவிட அகன்ற ஒளி வரம்பு கொண்ட) வீடியோவாகப் பதிவுசெய்யக்கூடியவை. அந்தப் பதிவை ரெக்.709 டைம்லைனில் அப்படியே போட்டால் நிறம் கெடும். இனிப் பதிவுசெய்வதற்கு, கேமரா அமைப்பில் ரெக்கார்ட் வீடியோ பகுதிக்குள் எச்டிஆரை நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே எடுத்ததற்கு, ரிசால்வில் நிற மேலாண்மையை இயக்கி, அந்தக் கிளிப்புகளுக்கு மட்டும் உள்ளீட்டு நிறவெளியை எச்எல்ஜி (ஐபோனின் எச்டிஆர் பதிவில் பயன்படும் ஒளி வளைகோடு) எனக் குறிப்பிடுங்கள்.

பின்சேர்க்கை 2: லினக்ஸில் ரிசால்வ் பயன்படுத்தும் ஒருவருக்குக் கைப்பேசிப் பதிவின் ஒலி டைம்லைனில் வரவேயில்லை. லினக்ஸ் பதிப்பு ஏஏசி ஒலியைப் படிக்காததே காரணம். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில், பல வடிவக் கோப்புகளைத் திறக்க உதவும் எஃப்எஃப்எம்பெக் நூலகத்தை நிறுவி, அதில் வீடியோ கோப்பைத் திறந்து, ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகச் சேமித்து, வீடியோவுடன் தொடக்கத்திலிருந்து பொருத்தியதும் அவருக்கு ஒலி வந்துவிட்டது.