பைன் பலகை எந்தப் பக்கம் குடிக்கும்? பிளேடும் மையும் போதும்

புதுச்சேரியில் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்தால் பழைய பேக்கிங் பெட்டிப் பலகை கிடைக்கும், பெரும்பாலும் பைன். அதில் அலமாரி அடித்து, மேலாகக் கரையான் மருந்து பூசிவிட்டு, மருந்து உள்ளே இறங்கிவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. அவ்வளவாக இறங்காது.

வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியது, அதை எடுக்கலாம். எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் புகை போட்டது, வேண்டாம்.

படி 1: குறுக்கே அறுத்த முனையை நனைத்து, புது பிளேடால் ஒரே இழுப்பில் சீவி, லென்ஸில் பாருங்கள். தேக்கில் வெறும் கண்ணுக்கே ஓட்டைகள் தெரியும், இதில் அந்த மாதிரி நீர்க்குழாய் ஓட்டைகள் இல்லை, வெளிர் பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறி வரும், அங்கங்கே சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அவை பிசின் குழாய்கள்.

படி 2: மைக்ரோஸ்கோப் கிடைத்தால் விடாதீர்கள். சின்னத் துண்டை வேகவைத்து, மரத்தின் நடுவிலிருந்து பட்டை நோக்கிப் பிளந்த முகத்தில் மெல்லிசாகச் சீவி, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து 400 மடங்கில் பாருங்கள். நீள நீளமான செல்கள், சுவரில் வட்டத்துக்குள் வட்டமாக வரிசை. செல்லின் பெயர் டிரக்கீடு, நீளம் சுமார் 3 முதல் 5 மில்லிமீட்டர், இரண்டு முனையும் மூடியது. அதனால் தண்ணீர் அடுத்த செல்லுக்குப் போக அந்த வட்டக் குழிகள்தான் வழி. குழியின் நடுவே தடித்த தட்டு, அதைச் சுற்றி வலை மாதிரி இழைகள். பச்சை மரம் காயும்போது, வெளியேறும் நீரின் பரப்பு இழுவிசை அந்தத் தட்டை ஒரு பக்கமாக இழுத்து வாயில் ஒட்டிவிடும், கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு மூடிக்கொள்வது போல. நனைத்தாலும் சுலபத்தில் திறக்காது. காய்ந்த பைன் மருந்தைக் குடிக்க மறுப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

படி 3: சம அளவில் இரண்டு துண்டு. ஒன்றுக்குப் பக்கங்களில் மட்டும் மெழுகு, மற்றதற்கு முனைகளில் மட்டும். முதல் துண்டை மைத்தண்ணீரில் நிறுத்தி வையுங்கள், இரண்டாவது மிதக்கும், கல் வைத்து அமுக்குங்கள். மறுநாள் துடைத்துவிட்டுப் பிளந்தால், முதல் துண்டில் மை நார்வழியே ஏறியிருக்கும், மற்றதில் தோலோடு நின்றிருக்கும். சில துண்டுகளில் கரும்பட்டையில்தான் மை அதிகம் ஏறும். நெருக்கமான கட்டையாயிற்றே என்று ஆச்சரியப்பட வேண்டாம், அங்கே இழைகள் தடிமன், தட்டு அவ்வளவு லேசில் நகராது, அதனால் வழி அடைபடுவதும் குறைவு.

துண்டு சுத்தமாகவே குடிக்கவில்லையா? வைரக்கட்டையாக (மரத்தின் நடுப்பகுதிக் கட்டை) இருக்கலாம், அதில் பிசின் வகைப் பொருள்கள் குழிகளில் அப்பியிருக்கும். பைன் மாதிரியே இருக்கும் ஸ்ப்ரூஸ் மரம் கலந்து வந்திருந்தாலும் இதே கதைதான். பைனில் கதிர்களிலும், அதாவது நடுவிலிருந்து பட்டை நோக்கிப் பக்கவாட்டில் ஓடும் செல் வரிசைகளிலும், டிரக்கீடு உண்டு, கதிரும் செல்லும் சந்திக்கும் இடத்தில் பல பைன் வகைகளில் ஜன்னல் மாதிரி பெரிய குழிகளும் உண்டு, ஸ்ப்ரூஸில் அந்த ஜன்னல் கிடையாது.

சரி, அலமாரிக்கு வருவோம். முதலில் அளவுக்கு அறுத்து முடியுங்கள், அப்புறம் முனைகளை மருந்தில் நிறுத்தி ஊறவிடுங்கள், பக்கங்களுக்குப் பூச்சு கடைசியில். பிறகு ஒரு அங்குலம் குறைக்க நேர்ந்தாலும், அந்த முனையைத் திரும்பவும் முக்கி எடுக்க வேண்டியதுதான்.