சந்தையும் தேரோட்டமும் ஸ்கெட்ச் நோட்டில்: குமரி மாவட்டத்தில் வரைய

ஏ5 அளவு நோட்டு போதும். அதைவிடப் பெரிதானால் சந்தை நெரிசலில் விரிக்க இடமிருக்காது. தாள் 200 ஜிஎஸ்எம்முக்குக் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறைந்தால் வாட்டர்கலர் பட்டதும் நெளியும். தண்ணீர் அதிகம் விட்டுப் பூசுபவர்கள் 300 வாங்குங்கள். பேனா 0.3 மி.மீ. முனை, வாட்டர்புரூஃப் மை. சாதாரண ஜெல் பேனா என்றால் பிரஷ் பட்டதும் கோடு கரைந்து முகமெல்லாம் அழுக்காகிவிடும்.

தோவாளை பூச்சந்தைக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள். பூ கட்டுபவரின் கை ஓயாது. ஆனால் அதே நான்கைந்து நிலைகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரே பக்கத்தில் மூன்று கைகளை அரைகுறையாகத் தொடங்கி வையுங்கள். நார் சுற்றும்போது ஒன்று, முடிச்சை இழுக்கும்போது இன்னொன்று என மாறி மாறி முடிக்கலாம். முகம் வரைவதானால் அவரிடம் கேட்டுவிட்டு வரையுங்கள்.

கையைத் திணறடிப்பது சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம். சக்கரத்தருகே நிற்கும் ஆளை முதலில் சிறிதாகப் போட்டு, அவர் உயரத்தை அளவாக வைத்துத் தேரை ஏற்றுங்கள். தேரிலிருந்து தொடங்கினால் உச்சி தாளுக்கு வெளியே போய்விடும். அடுத்தது கூட்டம். நீங்கள் சமதரையில் நின்று வரைந்தால், உங்கள் உயரமுள்ளவர்களின் கண்கள் அருகில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் ஒரே கிடைக்கோட்டில் வரும்; பாதங்கள்தான் ஏறி இறங்கும். தூரத்துத் தலைகளை மேலே ஏற்றினால் கூட்டம் மேட்டில் நிற்பதுபோல் ஆகிவிடும்.

முட்டம், குளச்சல் கடற்கரைக் காற்றுக்கு இரண்டு கிளிப் அவசியம். ஈரக்காற்றில் வண்ணம் மெதுவாகத்தான் காயும். அவசரப்பட்டு மூடினால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பிறகும் இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள். ஓரத்தில் தேதி, நேரம், வெயில் வந்த திசை.