புகையிலையை நிறுத்த நிக்கோட்டின் கம்: காபிதான் கெடுத்தது

வாயில் ஒதுக்கும் புகையிலையை நிறுத்தியதும் தலை கனத்தது, சிடுசிடுப்பு, வாய் எதையோ தேடியது. ஏலக்காய், புதினா வாசனை போட்ட புகையிலைக்கு மாறினேன். வாசனை உறைப்பைத்தான் மறைக்கும். அடிமையாக்கும் நிக்கோட்டினும், புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமைன் என்ற நச்சுகளும் அப்படியே இருக்கும். வெறும் பாக்குக்குப் போவதும் வழியல்ல. பாக்கே புற்றுநோய்க் காரணி, கன்னத்தின் உட்புறத்தை இறுக்கி வாய் திறக்க முடியாமல் செய்துவிடலாம்.

பிறகு 2 மி.கி. நிக்கோட்டின் கம், அதாவது புகையிலை இல்லாமல் நிக்கோட்டினை மட்டும் தரும் சூயிங்கம். விக்கலும் நெஞ்செரிச்சலும் வந்தன, ஏக்கம் மட்டும் குறையவில்லை.

சிக்கல் காபியில் இருந்தது. உமிழ்நீர் காரத்தன்மையோடு (புளிப்புக்கு, அதாவது அமிலத்துக்கு எதிரானது) இருந்தால்தான் நிக்கோட்டின் கன்னத்தின் வழியே ரத்தத்தில் சேரும். புகையிலையில் சுண்ணாம்பு செய்வது அதைத்தான். கம்மிலும் அதற்கென்றே கார உப்பு சேர்த்திருக்கிறார்கள். காபி, எலுமிச்சை ஜூஸ், சோடா எல்லாம் வாயைப் புளிப்பாக்கி அதைக் கெடுத்துவிடும். சேராத நிக்கோட்டின் உமிழ்நீரோடு வயிற்றுக்குப் போய் எரிக்கிறது.

காபி குடித்தால் வாயைக் கொப்பளித்து 15 நிமிடம் பொறுக்க வேண்டும். கம்மை மெதுவாக மெல்லுங்கள். மிளகு கடித்ததுபோல் சுருக்கென்றதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். சுருக்கு அடங்கியதும் மறுபடி இரண்டு மெல்லு, இடம் மாற்றி ஒதுக்கல். ஒரு கம் அரை மணி நேரம். தொடர்ந்து மென்றால் வீண். இப்படிச் செய்த பிறகுதான் ஏக்கம் அடங்கியது, பெரிய நிம்மதி.

எழுந்தவுடனே புகையிலை தேடுகிறவர்களுக்கு 2 மி.கி. போதாமல் போகலாம், 4 மி.கி. பற்றி டாக்டரிடம் கேளுங்கள். புகையிலை ஒதுக்கிய இடத்தில் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இருந்தால், உடனே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். இலவச ஆலோசனைக்கு 1800-11-2356.