கொனெஸ்டோகா: கரையிலிருந்தே இறங்கிப் பார்க்கக்கூடிய மூழ்கிய கப்பல்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், கார்டினல் ஊரில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் நின்றாலே கொனெஸ்டோகாவின் எஞ்சின் உச்சி தண்ணீருக்கு மேலே துருத்திக்கொண்டு தெரியும். 1878இல் கிளீவ்லாந்தில் கட்டப்பட்ட இந்த மரக் கப்பல், 1922 மே மாதம் பழைய கால்வாயின் லாக் (கப்பல்களை ஏற்றி இறக்கும் மதகு) அருகே தீப்பிடித்து மூழ்கியது. ஆழம் 8, 9 மீட்டர்தான். கோடையில் தண்ணீர் 20 டிகிரியைத் தொடும்; 5 மி.மீ. தடிமன் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) போதும். ஆழம் குறைவுதானே என்று வருபவர்களைத் திணறடிப்பது நீரோட்டம். ஸ்கூபா (காற்று சிலிண்டருடன் நீருக்கடியில் நீந்துவது) சான்றிதழ் இருந்தாலும், முதல் முறை ஆற்றில் பழகியவரோடு இறங்குங்கள்.

முதலில், மூழ்குவதற்காக உடம்பில் கட்டும் எடை. கடல் நீரைவிட நன்னீர் சுமார் 2.5 சதவீதம் அடர்த்தி குறைந்தது. உடம்பும் கருவிகளும் சேர்ந்து 100 கிலோ என்றால், கடலில் கட்டிய எடையில் 2.5 கிலோவைக் கழற்றிவிடலாம்.

அடுத்து, கருவிகளை மாட்டுவதற்கு முன்பே கரையேறும் இடத்தைத் தேர்ந்துவிடுங்கள். கப்பலுக்குக் கீழ்ப்புறம், ஓட்டம் தணிந்த, கால் ஊன்ற வசதியான கரையாக இருக்கட்டும். தவறினால் ஒதுங்க இன்னும் கீழே ஓர் இடமும் பார்த்து வையுங்கள்.

இறங்கும் இடத்தைக் கணக்குப் போட்டே முடிவு செய்ய வேண்டும். ஒரு குச்சியைத் தண்ணீரில் எறியுங்கள். 10 மீட்டர் போக 20 விநாடி ஆனால் ஓட்டம் விநாடிக்கு அரை மீட்டர். குறுக்கே 20 மீட்டர் நீந்த ஒரு நிமிடம் பிடித்தால், அதற்குள் ஆறு உங்களை 30 மீட்டர் கீழே தள்ளியிருக்கும். அதனால் அதைப்போல் இரு மடங்காக, கப்பலிலிருந்து 60 மீட்டராவது மேலே நடந்து போய் இறங்குங்கள். கப்பலுக்கு நேரெதிரே இறங்குவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. காலடித்துக் காலடித்துக் காற்றுதான் தீரும்.

டைவ் கொடி கட்டிய மிதவையை ஒருவர் பிடித்துக்கொள்ள, இருவரும் சேர்ந்தே ஆற்றின் அடித்தரைக்கு இறங்குங்கள். அடியில் ஓட்டம் குறைவு. மிதவைக் கயிற்றை உடம்பில் கட்டவே கூடாது. மரத்தில் சிக்கினால் உதற முடியாது. எதிர்த்துப் போக வேண்டுமானால் நீந்தாமல், பாறையைப் பற்றிக் கையால் இழுத்துப் போங்கள். பாறையில் ஒட்டியிருக்கும் ஸீப்ரா சிப்பிகள் பிளேடுபோல் அறுக்கும், கையுறை கட்டாயம்.

கப்பலின் உடல் மறைப்புக்குள் வந்ததும் ஓட்டம் சட்டென்று விட்டுவிடும். அங்கே நின்று மூச்சைச் சீராக்கி, காற்றழுத்தம் காட்டும் கேஜைப் பாருங்கள். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (அழுத்த அளவு) என்றால் 2,200 லிட்டர் காற்று. தரைமட்டத்தில் நிமிடத்துக்கு 25 லிட்டர் இழுப்பவருக்கு, 8 மீட்டரில் அழுத்தம் 1.8 மடங்கு என்பதால் 45 லிட்டர் செலவாகும். 70 பார் மிச்சம் வைத்தால் அரை மணி நேரம்தான். ஓட்டத்தோடு மல்லுக்கட்டினால் அதிலும் பாதி. 100 பாரில் திரும்புங்கள்.

திரும்பும்போது நடு ஆற்றில் மேலே வராதீர்கள், படகுகள் போகும். தரையோடு தரையாகச் சாய்வாகக் கரையை நோக்கி வாருங்கள், ஆறே கொண்டுவந்து விடும். ஓர் ஆணியைக்கூட எடுக்கக் கூடாது, அது சட்டப்படி குற்றம். கருவிகளைக் கழுவி நன்றாகக் காயவைத்த பிறகே வேறு ஏரிக்கு எடுத்துப் போங்கள். ஸீப்ரா சிப்பிக் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது, ஈரத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிடும்.