720 721 முதன்மை எண்ணா? தாளில் ஆராயும் முறை

கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ சாதாரண தரக் கணிதம் கற்கும் மாணவர் ஒருவருக்கு 720 721 என்ற எண்ணைக் கொடுத்து, இது முதன்மை எண்ணா என்று கேட்டால், 13 வரை வகுத்துப் பார்த்ததும் ஆம் என்று எழுதத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். கணிகருவி இல்லாமலே விடையை உறுதிப்படுத்தலாம்.

ஈற்றிலக்கம் 1 ஆதலால் 2, 5 ஆகியவற்றால் இவ்வெண் வகுபடாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 19. அதனால் 3ஆலும் வகுபடாது. 7, 11, 13 ஆகிய மூன்றையும் ஒரே கழித்தலில் தீர்க்கலாம். எண்ணை வலப்புறத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, 721 இலிருந்து 720ஐக் கழித்தால் 1 வரும். 7 × 11 × 13 = 1001 என்பதாலும், 720 721 என்பது 720 × 1001 + 1 என்பதாலும், இம்மூன்றில் எதனால் வகுத்தாலும் மீதி 1 ஆகவே இருக்கும்.

இதற்கு முந்தைய எண்ணான 720 720, 1 முதல் 16 வரையான எண்களின் பொது மடங்குகளுட் சிறியது. காலபோகத்தில் அவ்வளவு கிலோ நெல் சேர்ந்தால், பங்காளர் இருவரானாலும் பதினாறு பேரானாலும் இடைப்பட்ட எத்தொகையினரானாலும் மீதியின்றிச் சமமாகப் பிரிக்கலாம். அதற்கு 240 காரணிகள் உண்டு. அடுத்தடுத்த இரு எண்களுக்கு 1 தவிர வேறு பொதுக் காரணி இராது என்பதால், முந்தைய எண்ணின் இந்த வளமே 720 721ஐ முதன்மை எண் போலத் தோன்றச் செய்கிறது.

இனி எல்லையைக் குறிக்க வேண்டும். 848இன் வர்க்கம் 719 104, 849இன் வர்க்கம் 720 801. ஆகவே இது நிறைவர்க்கம் அன்று, 848க்கு மேற்பட்ட முதன்மை எண்களால் வகுத்துப் பார்க்கவும் தேவையில்லை. 17இலிருந்து 67 வரையுள்ள பதின்மூன்று முதன்மை எண்களிலும் மீதி வருகிறது. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் ஒன்றையும் விடக்கூடாது. 71இல் வழி திறக்கிறது: 71 × 10 000 = 710 000; எஞ்சும் 10 721 என்பது 71 × 151. எனவே 720 721 = 71 × 10 151.

அடுத்து 10 151ஐச் சோதிக்கும்போது மீண்டும் 2இலிருந்து தொடங்குவது வீண் உழைப்பு. 71ஐவிடச் சிறிய முதன்மை எண் எதுவும் முழு எண்ணையே வகுக்கவில்லை என்றால், அதன் காரணியையும் வகுக்க முடியாது. 10 151இன் வர்க்கமூலம் 101ஐவிடச் சிறிது. ஆகவே 71, 73, 79, 83, 89, 97 ஆகிய ஆறு மட்டுமே மிஞ்சுகின்றன. ஆறிலும் மீதி வருவதால் 10 151 முதன்மை எண்.

காரணிகள் கிடைத்துவிட்டால் மற்றவை எளிது. மொத்தக் காரணிகள் நான்கு: 1, 71, 10 151, 720 721. அவற்றின் கூட்டுத்தொகை 72 × 10 152 = 730 944. 720 721ஐவிடச் சிறியனவாய், அதனுடன் 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாத நேர் முழுவெண்கள் 70 × 10 150 = 710 500. 720 721ஐ 4ஆல் வகுத்தால் மீதி 1 என்பதைக் கண்டு, அதை இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாம் என நினைக்கக் கூடாது. 4ஆல் வகுக்க மீதி 3 தரும் 71 இதில் ஒரே ஒரு தடவை காரணியாக வருவதால் அவ்வாறு எழுத இயலாது.