எலிமென்டை ரிமூவ் பண்ணியும் மெமரி குறையலையா?

ஜாவாஸ்கிரிப்ட்ல ஒவ்வொரு எலிமென்டுக்கும் (பேஜ்ல இருக்குற பட்டன், படம் மாதிரி ஒவ்வொண்ணும்) தனியா டேட்டா வெச்சுக்கணும்னா சாதா மேப் வேணாம், வீக்மேப்ல அந்த எலிமென்டையே கீயா போடுங்க. ரிமூவ் பண்ணா எலிமென்ட் பேஜ்ல இருந்துதான் போகும், உங்க மேப் அதைப் புடிச்சுட்டு இருக்குற வரைக்கும் கார்பேஜ் கலெக்டர் (வேண்டாததை மெமரில இருந்து தானா கிளீன் பண்றது) தொடவே தொடாது, உள்ள இருக்குற சைல்டுங்களும் சேர்ந்து மெமரில உக்காந்திருக்கும். வீக்மேப் அப்படி இறுக்கிப் புடிக்காது, வேற யாரும் புடிக்கலைன்னா டேட்டாவோட சேர்த்து கிளீன் ஆயிடும் (எப்போங்கிறது பிரவுசர் இஷ்டம்).

ஆனா லூப் ஓட்டணும், எத்தனை இருக்குன்னு எண்ணணும்னா இது ஆகாது. அப்புறம் செட்இன்டர்வல்லயோ விண்டோவுல போட்ட லிசனர்லயோ அந்த எலிமென்ட் மாட்டியிருந்தா வீக்மேப்பால ஒண்ணும் பண்ண முடியாது, நீங்கதான் கழட்டி விடணும். சந்தேகம்னா குரோம் டெவ்டூல்ஸ்ல ஹீப் ஸ்னாப்ஷாட் (மெமரில அந்த நேரம் என்னென்ன இருக்குங்கிற லிஸ்ட்) எடுத்து டிடாச்டுன்னு (Detached, பேஜ்ல இல்லாம மெமரில மட்டும் இருக்குற எலிமென்ட்) தேடிப் பாருங்க.